அந்த அம்மா சொன்னது ஆதங்கம், நான் எழுதியது முன்விரோதம்

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது, என் நாற்காலிக்கு வரவிருந்த பெண் காவலர் பழைய வழக்குக் கட்டுகளையெல்லாம் பீரோவிலிருந்து இறக்கி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரப் பெண். மூன்றாம் நாள் என்னிடம் வந்து கேட்டார்.

"ஏட்டய்யா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? உங்க கையெழுத்துல இருக்கிற வாக்குமூலத்துல ஆரம்பத்துல எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் 'முன்விரோதம்'னு வருது. ஒரு கட்டத்துக்கு அப்புறம் ஒண்ணுலகூட அந்த வார்த்தை இல்ல. மேலேருந்து ஏதும் உத்தரவு வந்துச்சுங்களா?"

உத்தரவு ஒன்றும் வரவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, கை போன போக்கு" என்று மழுப்பிவிட்டேன். சொல்லக் கூடாது என்று இல்லை. எங்கே தொடங்கினாலும் கடைசியில் எனக்கே புரியாத ஓர் இடத்தில் போய் நிற்கும், அதுதான் காரணம். எழுதினால் கொஞ்சம் தெளியுமோ என்று இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் செட்டிகுளம் பக்கம். திருச்சியில் கவாத்துப் பயிற்சி, பிறகு சில வருடம் பந்தோபஸ்து, கைதி வழிக்காவல். கையெழுத்து அச்சுப்போல இருக்கிறது என்று ஒருநாள் ரைட்டர் மேசையில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு என்னை அங்கிருந்து எழுப்பவில்லை. தொண்ணூற்றைந்தில் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. பிறகு அரியலூர் பிரிந்தது, சேர்ந்தது, நான் போகிற வருடம் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் ரப்பர் ஸ்டாம்பு மாறியது. நான் எழுதும் வாசகம் மட்டும் மாறவில்லை.

ரைட்டர் வேலை என்ன என்று வெளியில் பலருக்குத் தெரியாது. சாட்சியை விசாரிப்பது இன்ஸ்பெக்டர். பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது நான். ஜனங்கள் நேர்கோட்டில் பேச மாட்டார்கள். செத்தவனைப் பற்றிக் கேட்டால் மாட்டைப் பற்றிச் சொல்வார்கள், மாட்டைப் பற்றிக் கேட்டால் அழுவார்கள். அதிலிருந்து நாள், நேரம், இடம், பார்த்தது, கேட்டது என்று பொறுக்கி எடுத்து வரிசைப்படுத்த வேண்டும். எழுதியதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, சட்டம் அப்படி. ஆகவே நான் என்ன எழுதினேன் என்று சொன்னவருக்கே தெரியாது. கோர்ட்டில் கூண்டில் ஏறி நிற்கும்போதுதான் தெரியவரும்.

எங்கள் எழுத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். கோர்ட்டிலும் அப்படித்தான். எதிரி ஒன்று, எதிரி இரண்டு என்று நம்பர் போடுவோம். எதிரி என்று எழுதிய பிறகு கை தானாக முன்விரோதத்துக்குப் போகும். 'அவனுக்கும் இவனுக்கும் பேச்சுவார்த்தை கெடையாதுங்க' என்றால் முன்விரோதம். 'பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவான்' என்றால் முன்விரோதம். பொறாமை, வயிற்றெரிச்சல், மனத்தாங்கல் எல்லாவற்றையும் அந்த ஒரே குழியில் தள்ளி மூடியிருக்கிறேன்.

அப்போது எனக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவர் அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். நான் எழுதிக் கொடுத்ததை மேசையில் விரித்து, ஒரு இரும்பு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, வரிவரியாக நகர்த்திப் படிப்பார். பிடிக்காத வார்த்தை வந்தால் ஸ்கேல் நிற்கும். சிவப்புப் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போடுவார். "கோர்ட்டுக்குப் புரியறாப்பல போடுப்பா" என்பார், அவ்வளவுதான். அவரிடம் ஒரு நாளும் திட்டு வாங்கியதில்லை. அந்தக் கோட்டுக்கு மட்டும் அவ்வளவு பயந்தேன்.

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, சரியாக நினைவில்லை. எறையூர் ஆலைக்குக் கரும்பு போகிற ஊர்களில் ஒன்று. அங்கே வரதராசு என்பவரின் உடல் காலையில் அவருடைய வயல் கிணற்றில் மிதந்தது. பின்மண்டையில் காயம். முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் அவரும் அவருடைய அண்ணன் கலியபெருமாளும் கிணற்று மேட்டில் நின்று சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்ததைக் கரும்பு வெட்ட வந்தவர்கள் இருவர் பார்த்திருந்தார்கள். வரதராசுவின் மனைவி அண்ணன் மேல்தான் சந்தேகம் என்று புகார் கொடுத்தார். காலை பத்து மணிக்கெல்லாம் கலியபெருமாளைக் கூட்டிவந்து ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டோம்.

அவர், "நான் தள்ளலைங்க" என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

காயத்தைப் பார்த்த டாக்டர், அடித்ததாலும் இருக்கலாம், விழும்போது கிணற்றுச் சுவரின் கல்லில் மோதியதாலும் இருக்கலாம் என்று அப்போதே சொல்லிவிட்டார். ஆகவே எல்லாம் ஒரு கேள்விக்குள் வந்து நின்றது. அண்ணனுக்குத் தம்பியைக் கொல்லும் அளவுக்கு என்ன பகை?

அதற்காகத்தான் தையல்நாயகியை விசாரித்தோம். இருவருக்கும் நடுவில் பிறந்தவர். ஒருவர் அண்ணன், ஒருவர் தம்பி. ஒருவர் கிணற்றில், ஒருவர் எங்கள் பெஞ்சில். அழுது முடித்த முகத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க அண்ணனுக்கும் தம்பிக்கும் என்னம்மா தகராறு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தகராறு ஒண்ணும் இல்லைங்க."

"பேச்சுவார்த்தை இல்லையாமே?"

"ஆமாங்க. தம்பி புது வூடு கட்டிக் குடிபோனப்ப அடிச்ச பத்திரிகையில அண்ணன் பேரப் போடல. மாமனார் பேரு மேல இருந்துச்சு. ஆத்தா அப்பன் போன பொறவு இவன வளத்ததே அண்ணன்தாங்க. கரும்பு வெட்டப் போன எடத்துலகூட இடுப்புலயே தூக்கிக்கிட்டுத் திரிஞ்சாரு. அன்னிக்கிப் பந்தியில கடைசி ஆளா உக்காந்து சாப்புட்டுப் போயிட்டாரு. ஒரு வார்த்தை பேசல. அதுலேருந்து அண்ணனுக்குத் தம்பி மேல ஒரே ஆதங்கம்."

என் குறிப்பு நோட்டில் நான் கிறுக்கியது இது: 'பத்திரிகையில் பேர் இல்லை. அண்ணனுக்குத் தம்பி மேல் ஆதங்கம்.' மத்தியானம் சுத்தமாக எடுத்து எழுதியபோது, 'மேற்படி சம்பவம் தொட்டு எதிரிக்கு இறந்துபோனவர் மீது முன்விரோதம் இருந்து வந்தது' என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் என்னை எழுதச் சொல்லவில்லை. ஸ்கேல் அந்த வரியில் நிற்கக் கூடாது என்று நானே எழுதினேன். நிற்கவில்லை. வழவழவென்று தாண்டிப் போனது.

கலியபெருமாளுக்கு ஜாமீன் எடுக்க யாரும் வரவில்லை. விசாரணை தொடங்கும்வரை ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார்.

கோர்ட்டில் தையல்நாயகியைக் கூண்டில் ஏற்றினார்கள். அரசு வக்கீல் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, முன்விரோதம் இருந்ததாகச் சொன்னீர்களா என்று கேட்டார். "அப்புடி ஒரு வார்த்தையே எனக்குத் தெரியாதுங்க. ஆதங்கம்னுதான் சொன்னேன்" என்றார் அந்த அம்மா. அண்ணனைக் காப்பாற்றப் பேச்சை மாற்றுகிறார் என்று அவரைப் பிறழ்சாட்சி ஆக்கிவிட்டார்கள். எதிரித் தரப்பு வக்கீல் விடவில்லை. வாக்குமூலத்தை எழுதிய ரைட்டரை வரவழைக்க வேண்டும் என்று மனுப் போட்டார். நீதிபதி ஒத்துக்கொண்டார்.

சம்மன் கையில் கிடைத்த அன்று சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவியிடம் கேட்டேன். "ஆதங்கம்னா என்ன?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "ஒங்க மேல எனக்கு இருக்கறதுதான்" என்றாள்.

மேற்கொண்டு கேட்கத் தைரியம் வரவில்லை. ஆனால் அவள் என் விரோதி இல்லை என்பது மட்டும் தெரியும்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பழைய ராணுவக்காரரிடம் கேட்டேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆதங்க்கா? வடக்க அது பெரிய வார்த்தையாச்சே ரைட்டரே. ஆதங்க்வாதின்னா குண்டு வைக்கறவன். ஆதங்க்னா ஊரே கதிகலங்கி நிக்கிறது. எங்க, எந்த ஊருல?" என்றார். எறையூர்ப் பக்கம் ஒரு அம்மா சொன்னது என்று விளக்கினேன். அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஒரே சொல், வடக்கே குண்டு வெடிக்கிறது, இங்கே பத்திரிகையில் பேர் விட்டுப்போனதற்கு வருகிறது. இது எங்கே புறப்பட்டு எப்படி வந்து சேர்ந்தது?

கோர்ட்டுக்குப் போன அன்று இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். அதற்குள் அவர் வேறு சப்-டிவிஷனுக்கு மாறியிருந்தார். வராந்தாவில் தூண் ஓரமாக நின்று, கிராம்பு டப்பாவைத் திறந்து எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"கேட்டா, சாட்சி சொன்னதத்தான் எழுதினேன்னு சொல்லு. ஒரே வரி. அதுக்கு மேல போகாத."

"சரிங்கய்யா" என்றேன். உண்மையில் அப்படியே சொல்வதாகத்தான் இருந்தேன்.

கூண்டில் ஏறியபோது எதிரே கலியபெருமாள் நின்றார். தலை முழுதும் நரைத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை, மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரித் தரப்பு வக்கீல் கேட்டார். "சாட்சி வாயால 'முன்விரோதம்'னு சொன்னாங்களா?"

ஒரே வரி, தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். அது வரவில்லை.

"இல்லைங்கய்யா. ஆதங்கம்னு சொன்னாங்க. முன்விரோதம்னு எழுதினது நான்."

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. நோட்டு இருக்கிறதா என்றார் நீதிபதி. கொடுத்தேன். அந்தக் கிறுக்கலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அரசு வக்கீல் எழுந்து, ஆதங்கமும் முன்விரோதமும் ஒன்றுதான், ரைட்டர் நல்ல தமிழில் எழுதியிருக்கிறார், அவ்வளவே என்றார். எதிரித் தரப்பு வக்கீல், இல்லை, ஆதங்கம் என்றால் வருத்தம், வருத்தப்படுகிறவன் கொலை செய்ய மாட்டான் என்றார். வருத்தம் முற்றித்தானே கொலை என்றார் அரசு வக்கீல். நீதிபதி கையை உயர்த்தி இருவரையும் நிறுத்திவிட்டு, வக்கீல்கள் சங்கத்து நூலகத்திலிருந்து அகராதி எடுத்து வரச் சொன்னார்.

அட்டை பிய்ந்த ஒரு தடி அகராதி வந்தது. நீதிபதியே படித்தார். வடமொழியிலிருந்து வந்த சொல். பொருள்: நோய், துன்பம், அச்சம்.

"அச்சம்!" என்று அரசு வக்கீல் எழுந்தார். "தம்பியால தனக்கு ஆபத்துன்னு பயந்திருக்கார்."

"துன்பம்னும் போட்டிருக்குங்களே" என்றார் மற்றவர்.

நான் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நோய், துன்பம், அச்சம். மூன்றில் எதுவும் அந்த அம்மா ஸ்டேஷன் சுவரில் சாய்ந்து சொன்னதாக எனக்குப் படவில்லை. புத்தகத்தில் இருப்பது ஒன்று, வடக்கே ஒன்று, என் வீட்டில் ஒன்று, நான் எழுதியது ஒன்று. நான் சரியாகக் காதில் வாங்கினேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

நீதிபதி அகராதியை மூடினார். வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த தையல்நாயகியை மறுபடி கூப்பிடச் சொன்னார். டவாலி பேரைச் சொல்லிக் கூவினார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க. ஆதங்கம்னா என்ன?"

"சொல்லத் தெரியாதுங்க சாமி."

"தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க."

"கல்யாணப் பந்தியில உக்காந்திருக்கேன்னு வச்சுக்குங்க. யாரோ ஒருத்தன் மோர் ஊத்திக்கிட்டு வரான். எனக்கு மட்டும் ஊத்தாமப் போறான். எனக்குக் கோவம் வரும். எங்கண்ணன் மோர் ஊத்திக்கிட்டு வந்து எனக்கு மட்டும் ஊத்தாமப் போச்சுன்னா, அது ஆதங்கமுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி பேனாவை எடுத்து, அந்த வார்த்தைகளை அவர் சொன்னபடியே டைப்பிஸ்ட்டுக்குச் சொல்லிப் பதிய வைத்தார், மோர் உட்பட. என் சர்வீஸில் ஒரு சாட்சி சொன்னது மாறாமல் காகிதத்தில் ஏறியதை அன்றுதான் பார்த்தேன்.

வெளியே வந்தபோது இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறப்போனவர் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ பொய் சொல்லல. சரி" என்றார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். மோர் ஊத்தாமப் போனவன் மேல கோவம் வந்தா திட்டிட்டு மறந்துருவோம். அண்ணன் ஊத்தாமப் போனா மறப்போமா? கெணத்துல தள்ளற அளவுக்கு எது பெருசுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரோடு வேலை பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து கலியபெருமாளை விடுதலை செய்தார்கள். சந்தேகம் கோர்ட்டுக்கு மட்டும் இல்லை. அவர் தள்ளவில்லை என்றால் என் ஒரு வார்த்தையால் ஒருவர் ஒன்றரை வருடம் உள்ளே கிடந்தார். தள்ளியிருந்தார் என்றால், இன்னொரு வார்த்தையால் கொலைகாரன் ஒருவனை வெளியே விட்டேன். வரதராசுவின் மனைவியை அதன்பிறகு ஒருமுறை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். இரண்டில் எதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று தெரியாமல் இரண்டுக்கும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். முன்விரோதம் என்று எழுதுவதை மட்டும் நிறுத்தினேன். சாட்சி சொன்னதைச் சொன்னபடியே போட்டேன். பின்னால் வந்த இன்ஸ்பெக்டர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். வயதானவன் என்று விட்டுவிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் அந்தப் பெண் காவலரிடம் இதைச் சொல்லியிருப்பேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். தரிசனம் முடித்து வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் வந்து எதிரே நின்றார்.

"ரைட்டர்தானுங்களே?"

கலியபெருமாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் எழப்போனேன். "உக்காருங்க, உக்காருங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கோர்ட்டில் உண்மை சொன்னதற்கு நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கூச்சத்தோடு நானே முந்திக்கொண்டு, "மொதல்ல தப்பா எழுதிட்டேங்க. மன்னிக்கணும்" என்றேன்.

"அது கெடக்கட்டுங்க. தங்கச்சி சொன்னதும் சரியில்லீங்க."

"என்ன சரியில்ல?"

"அன்னிக்கிக் கெணத்து மேட்டுல அவன் வந்து என் கையப் புடிச்சான். 'அண்ணே, தப்புதாண்ணே, வூட்டுக்கு வா'ன்னான். நான் ஒதறிட்டேன். 'நீ செத்தாலும் நான் வரமாட்டேன் போடா'ன்னுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டேன். விடிஞ்சா இப்புடி. கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டவன் மேல என்னங்க ஆதங்கம்? அவன் கேட்ட ஒடனே அது போயிருக்கணும்ல? போவலையே. அப்ப அது வேற என்னமோதானே?"

நீங்கள் உதறியபோது தம்பி கால் தவறியதா, நீங்கள் போகும்போது அவர் நின்றுகொண்டுதான் இருந்தாரா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. எத்தனையோ பேரைக் கேள்வி கேட்க உதவியவன், அந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டேன்.

அவரே தொடர்ந்தார். "சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டியில அவன ஊருக்குக் கொண்டு போனாங்க. ஸ்டேஷன் வாசல் வழியாத்தான் போச்சு. தங்கச்சி அழுவற சத்தம் கேட்டு நான் எழுந்து நின்னேன். நீங்க எழுதிக்கிட்டே 'உக்காருய்யா'ன்னீங்க. உக்காந்துட்டேன்."

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. வண்டி, சத்தம், நான் சொன்னது, எதுவும் இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். அன்று மத்தியானம் எழுதிய வரி அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது, இது இல்லை.

"ஒங்களக் குத்தம் சொல்லலைங்க" என்றார். "நீங்க மட்டும் உக்காரச் சொல்லலன்னா நான் போயிருப்பேனான்னுதான் தெனமும் யோசிக்கிறேன். போலீஸ் விடலங்கிறதால போகலையா, வரமாட்டேன்னு நான் சொன்ன சொல்லுக்காகப் போகலையான்னு எனக்கே வெளங்கல. இது ஆதங்கம் இல்ல. வருத்தமும் இல்ல. நீங்க எழுதுற ஆளு. இதுக்கு என்னங்க பேரு?"

அவர் கேட்டது உண்மையாகவே தெரிந்துகொள்ள. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நான் பிரித்து எழுதாமல் விட்டவை, சேர்த்து மூடியவை, அகராதியில் இருந்தவை. ஒன்றும் அவருக்குக் கொடுக்கும்படியாக இல்லை.

"தெரியலைங்க" என்றேன்.

"தெரியாதா" என்று தலையை ஆட்டிக்கொண்டார். ஏமாந்ததுபோல் இல்லை. கொஞ்சம் ஆறுதல் அடைந்ததுபோல்கூட இருந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"சரி, பரவால்லைங்க. அந்தப் பக்கம் தயிர்சாதம் குடுக்கறாங்க. வாங்க, சாப்புடுவோம்."